சைலன்ட் ஹன்டர் 3: பழைய கடலுக்குப் புதுப் படங்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூபிசாஃப்டின் புகாரெஸ்ட் ஸ்டூடியோ உருவாக்கி, 2005 மார்ச்சில் வெளியான கணினி விளையாட்டு ‘சைலன்ட் ஹன்டர் 3’. இரண்டாம் உலகப்போரில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கியின் தலைவராக 1939 முதல் 1945 வரை அட்லாண்டிக்கில் சுற்ற வேண்டும். எங்கே போவது, யாரைத் தாக்குவது, எப்போது விலகுவது என்பதெல்லாம் நம் முடிவு. பல வருடங்களாக இதன் படங்களைப் புதுப்பித்து விளையாடுகிறேன். அதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

இதன் அடுத்த பாகங்கள் வந்துவிட்டனவே, பழையதை ஏன் புதுப்பிக்க வேண்டும்?

நான்காவது பாகம் 2007இல் வந்தது. அது முக்கியமாக பசிபிக் கடலும் அமெரிக்க நீர்மூழ்கிகளும் பற்றியது. ஐந்தாவது 2010இல் வந்தது. இரண்டிலும் தண்ணீர் இதைவிட அழகு, மறுக்கவில்லை. ஆனால் மூன்றாவது பாகத்தில் போர் நமக்காகக் காத்திருப்பதில்லை. கான்வாய்கள், அதாவது காவல் கப்பல்களோடு கூட்டமாகப் போகும் சரக்குக் கப்பல்கள், தம் பாட்டுக்குக் கிளம்புகின்றன, வந்து சேர்கின்றன. நாம் அங்கே இல்லாவிட்டால் தவறவிட்டோம், அவ்வளவுதான். இரண்டு வாரம் ஒரு கப்பல்கூடக் கண்ணில் படாமல் மழையில் சுற்றிவிட்டு, ஒரு விடியற்காலையில் அடிவானத்தில் புகை தெரியும்போது வரும் படபடப்பை வேறு எந்த விளையாட்டிலும் நான் உணர்ந்ததில்லை. அந்தப் புகை ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்பதற்குத்தான் இத்தனை வேலையும்.

என் திரையில் எல்லாம் அகலமாக நீட்டிக்கொண்டு தெரிகிறது. என்ன செய்வது?

முதலில் சரிசெய்ய வேண்டியது இதுதான். புது டெக்ஸ்சர் (பொருள்களின் மேல் ஒட்டப்படும் படம்), புதுத் தண்ணீர் எல்லாம் அப்புறம்.

இந்த விளையாட்டு 1024×768 என்ற ஒரே அளவில்தான் வரைகிறது. அன்றைய 4:3 மானிட்டருக்கு அது சரி. இன்று நம்மிடம் இருப்பது பெரும்பாலும் 1920×1080. கிராபிக்ஸ் கார்டு அந்தப் படத்தை இழுத்துத் திரை முழுக்க நிரப்பினால், எல்லாமே மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாகிவிடும். பெரிஸ்கோப் வட்டம் முட்டை வடிவமாகும். கப்பல்கள் குட்டையாகத் தெரியும்.

எளிய வழி, கிராபிக்ஸ் கார்டின் அமைப்புப் பக்கத்தில் ‘அகல உயர விகிதத்தை மாற்றாதே’ என்ற பொருளில் இருக்கும் தேர்வைப் போட்டுவிடுவது. படம் 1440×1080 ஆக நடுவில் வரும், இரு பக்கமும் 240 பிக்சல் கறுப்பாக இருக்கும். ஐந்து நிமிட வேலை. அறையில் விளக்கை அணைத்துவிட்டால் அந்தக் கறுப்புப் பட்டை கண்ணில் படாது. பலருக்கு இதுவே போதும்; நானும் இரண்டு வருடம் இப்படித்தான் விளையாடினேன்.

இன்னொரு வழி, விளையாட்டுக்கும், அதன் படத்தைத் திரைக்குக் கொண்டுபோகும் டைரக்ட்எக்ஸ் என்ற விண்டோஸ் பகுதிக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும் ஒரு சிறு டிஎல்எல் (துணைப் புரோகிராம்) ஃபைல். ரசிகர்கள் எழுதியது. விளையாட்டு 1024×768 என்று கேட்டால் அது வாங்கி, நம் திரையின் அளவுக்கு மாற்றிக் கொடுக்கும். படம் கூர்மையாக வரும். ஆனால் டயல்கள், பொத்தான்கள், வரைபடச் சட்டம் எல்லாம் 1024×768 என்று நினைத்துத்தான் இடம் குறிக்கப்பட்டிருக்கின்றன. அதனால் அகலத் திரைக்கென்று செய்த இடைமுக மாட் (விளையாட்டை மாற்ற ரசிகர்கள் செய்யும் ஃபைல் தொகுப்பு) ஒன்றையும் சேர்த்தே போட வேண்டும். ஒன்றைப் போட்டு மற்றதை விட்டால் பாதிப் பொத்தான்கள் கைக்கு எட்டாது.

பெரிஸ்கோப் படத்தை மாற்றிய பிறகு என் டார்பிடோ ஒன்றுகூடப் படவில்லை. தற்செயலா?

இல்லை. புதுப்பிக்கிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எதிரிக் கப்பல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று இதில் நாமே கணக்குப் போடலாம். கப்பலின் கொடிமரம் எத்தனை மீட்டர் என்று அடையாளக் கையேட்டில் இருக்கும். அது பெரிஸ்கோப்பில் எத்தனை டிகிரி உயரம் தெரிகிறது என்று கண்ணாடியில் உள்ள கோடுகளை வைத்து அளக்க வேண்டும். 30 மீட்டர் கொடிமரம் ஒரு டிகிரி உயரம் தெரிந்தால், கப்பல் சுமார் 1,720 மீட்டர் தள்ளி இருக்கிறது. அந்தக் கோடுகள் வேறு எதுவுமில்லை, ஒரு டெக்ஸ்சர் ஃபைல். அழகுக்காக யாராவது அதை ஐந்து சதவீதம் பெரிதாக்கி வரைந்துவிட்டால், தூரக் கணக்கும் ஐந்து சதவீதம் தப்பும். கப்பல் நேர் குறுக்காகப் போய்க்கொண்டிருந்தால் ஓரளவு தப்பித்துக்கொள்ளலாம். சாய்வாகப் போகும் கப்பல் என்றால், அதன் வேகத்தையும் அந்தத் தப்பான தூரத்தை வைத்தே கணித்திருப்போம் என்பதால், தவறு தவறோடு சேர்ந்து டார்பிடோ கப்பலுக்குப் பின்னாலோ முன்னாலோ போய்விடும்.

ஆகவே புதுப் பெரிஸ்கோப் படம் எதைப் போட்டாலும் சோதித்துப் பாருங்கள். விளையாட்டோடு ஒரு மிஷன் எடிட்டர் வருகிறது. அதில் அமைதியான கடல், தெளிவான பகல், நகராமல் நிற்கும் ஒரு கப்பல், சரியாக 1,000 மீட்டர் தூரம் என்று ஒரு சின்ன மிஷன் செய்துகொள்ளுங்கள். 30 மீட்டர் கொடிமரம் அங்கே 1.7 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே காட்ட வேண்டும். 134.6 மீட்டர் நீளமுள்ள லிபர்ட்டி கப்பலை (போர்க்காலத்தில் அமெரிக்கா கட்டிய சரக்குக் கப்பல்) பக்கவாட்டில் நிறுத்தினால் 7.7 டிகிரி அகலம் வர வேண்டும். நிஜ நீர்மூழ்கிகளில் இருந்ததுபோலவே இதிலும் 1.5 மடங்கு, 6 மடங்கு என்று இரண்டு பெருக்கம் உண்டு. இரண்டிலும் அளந்து பாருங்கள். உயரம் சரியாக வந்து அகலம் தப்பினால், மேலே சொன்ன விகிதக் கோளாறு இன்னும் தீரவில்லை என்று அர்த்தம்.

கப்பலின் முப்பரிமாண வடிவத்தையே மாற்றுகிறவர்களுக்கு இன்னொரு வார்த்தை. ஒவ்வொரு கப்பல் ஃபோல்டரிலும் நீளம், அகலம், கொடிமர உயரம் எழுதிய ஒரு அமைப்பு ஃபைல் இருக்கிறது. வடிவத்தில் கொடிமரத்தை இரண்டு மீட்டர் உயர்த்தினால் அதிலும் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் கையேடு ஒன்று சொல்லும், கண் ஒன்று சொல்லும்.

8 கிலோமீட்டர், 16 கிலோமீட்டர் என்கிறார்களே, அது என்ன?

மூல விளையாட்டில் எவ்வளவு தெளிவான நாளிலும் சுமார் 8 கிலோமீட்டருக்கு அப்பால் எல்லாம் மங்கலில் மறைந்துவிடும். 2005ஆம் ஆண்டுக் கணினிகளின் சுமையைக் குறைக்க அப்படி வைத்தார்கள் என்றுதான் நினைக்கிறேன். இதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு 5 மீட்டர் மேலே கண் இருந்தால், பூமியின் வளைவு காரணமாக அடிவானம் 8 கிலோமீட்டரில்தான் வரும். ஆனால் அது தண்ணீர்ப் பரப்புக்கான கணக்கு. 25 மீட்டர் கொடிமரம் உள்ள கப்பலின் உச்சி 26 கிலோமீட்டர் வரை அடிவானத்துக்கு மேலே நிற்கும். புகை இன்னும் தூரத்திலிருந்தே தெரியும்.

அன்றைய நீர்மூழ்கித் தலைவர்கள் அதை வைத்துத்தான் பிழைத்தார்கள். கொடிமர உச்சிகள் மட்டும் தெரியும் தூரத்தில் நின்றுகொண்டு, 7 நாட் (மணிக்கு 7 கடல் மைல்) வேகத்தில் ஊரும் கான்வாயை 17 நாட் வேகத்தில் சுற்றிவந்து, இருட்டுவதற்குள் அதன் பாதையில் முன்னால் போய் நிற்பார்கள். 8 கிலோமீட்டர் பார்வையில் இதைச் செய்யவே முடியாது. நாம் பார்க்கும்போது காவல் கப்பலும் நம்மைப் பார்த்துவிடும். பார்வையை 16 கிலோமீட்டராக்கும் மாட் போட்ட அன்றுதான், அந்தத் தலைவர்கள் ஏன் அப்படி நடந்துகொண்டார்கள் என்று எனக்குப் புரிந்தது.

ஒரு எச்சரிக்கை. மங்கல் எங்கே தொடங்குகிறது என்பது சூழல் ஃபைலில் இருக்கிறது. யார் எவ்வளவு தூரம் பார்ப்பார்கள் என்பது தனியாக சென்சார் ஃபைல்களில் இருக்கிறது. முதலாவதை மட்டும் மாற்றினால், உங்கள் கண்ணுக்குக் கப்பல் தெரியும், நீர்மூழ்கியின் கோபுரத்தில் நிற்கும் மாலுமியோ வாய் திறக்கமாட்டார். சென்சாரை மட்டும் கூட்டினால், உங்களுக்குத் தெரியாத தூரத்திலிருந்து காவல் கப்பல் குண்டு போடும். இரண்டையும் ஒன்றாகத் தரும் பெரிய மாட் தொகுப்பை எடுப்பதே நல்லது. ‘கிரே வுல்வ்ஸ்’ தொகுப்பு அப்படிப்பட்டது. தனித்தனியாக அடுக்குவதற்கு முன் அதை முயன்று பாருங்கள். அப்புறம், பார்வை இரண்டு மடங்கானால் வரைய வேண்டிய கடற்பரப்பு நான்கு மடங்காகும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

எல்லா டெக்ஸ்சரையும் 4096 அளவில் மாற்றிவிடலாமா?

வேண்டாம். நான் செய்து பட்டுவிட்டேன். துறைமுகத்தில் எல்லாம் பளபளவென்று இருந்தது. மூன்று மணி நேரம் பயணம் போய், முப்பது கப்பல் கொண்ட கான்வாய் அடிவானத்தில் எழுந்த நிமிடம் விளையாட்டு மூடிக்கொண்டது.

காரணம் எளிய கணக்கு. சுருக்கப்படாத 32 பிட் படம் 1024×1024 என்றால் 4 எம்பி. 2048 என்றால் 16. 4096 என்றால் 64. தூரத்துப் பார்வைக்கான சிறிய நகல்களையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கு இன்னும் கூடும். கான்வாயில் பத்து வகைக் கப்பல்கள் இருந்தாலே 850 எம்பி தாண்டிவிடும். இது 32 பிட் புரோகிராம். உங்கள் கணினியில் எத்தனை ஜிபி இருந்தாலும் இதற்குக் கிடைப்பது 2 ஜிபி மட்டும்தான். இயக்க ஃபைலில் ஒரு குறியை மாற்றினால் 64 பிட் விண்டோஸில் அது 4 ஜிபி ஆகும். அதைச் செய்யும் சிறு கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன, கட்டாயம் செய்துகொள்ளுங்கள். படங்களை டிடிஎஸ் வடிவில் சுருக்கினால் அதே 4096 படம் 16 எம்பிக்கு இறங்கும். ஆனால் டிஜிஏ என்ற வேறொரு பட வடிவத்தை விளையாட்டு கேட்கும் இடத்தில் டிடிஎஸ் வைத்தால் எடுத்துக்கொள்ளாது, ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

நான் இப்போது வைத்திருக்கும் வழக்கம் இது: சொந்த நீர்மூழ்கியின் கோபுரத்துக்கு 4096, ஏனென்றால் அதன் மேல்தான் நாள் முழுக்க நிற்கிறோம். மேல்தளத்துக்கும் பெரிய போர்க்கப்பல்களுக்கும் 2048. சரக்குக் கப்பல்களுக்கு 1024 அல்லது 2048. பெரிஸ்கோப் வழியாகப் பார்க்கும் கப்பல் திரையில் ஆயிரம் பிக்சலைத் தாண்டுவது அபூர்வம்.

செயற்கை நுண்ணறிவு வைத்துப் பெரிதாக்கினால் என்ன?

சில இடங்களில் நன்றாக வரும், சில இடங்களில் கெடுத்துவிடும். 2018இல் வந்த இஎஸ்ஆர்கான் போன்ற முறைகள் துரு, மரப்பலகை, கான்கிரீட் சுவர் இவற்றை நன்றாகவே பெரிதாக்குகின்றன. ஆணி வரிசையும் இரும்புத் தகட்டின் இணைப்பும் வரும் இடத்தில் இல்லாததைக் கற்பனை செய்து வரையும்.

டயல்களில் வைக்கவே வைக்காதீர்கள். இயந்திர அறைக்குக் கட்டளை அனுப்பும் தந்தியில் ‘ஹால்பெ ஃபார்ட்’, ‘க்ளைன ஃபார்ட்’ என்று பாதி வேகமும் குறைந்த வேகமும் ஜெர்மன் மொழியில் எழுதியிருக்கும். அந்த எழுத்துகளை அது எழுத்துப் போன்ற கிறுக்கலாக்கிவிடும். ஆழமானியில் எண்களுக்கு நடுவே உள்ள சிறு கோடுகளின் எண்ணிக்கை மாறிவிடும். 25 மீட்டரா 30 மீட்டரா என்று தெரியாமல் எப்படி மூழ்குவது? டயல்களைக் கையால் புதிதாக வரையுங்கள். வட்டமும் கோடும் எழுத்தும்தான். வெக்டர் மென்பொருளில் ஒரு மாலை நேரம் போதும், எந்த அளவுக்கும் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

நீர்மூழ்கிக்கு எந்த நிறம் சரி?

சாம்பல்தான், ஆனால் எந்தச் சாம்பல் என்பதில் ஒரு உலகமே இருக்கிறது. ஜெர்மன் கடற்படை வண்ணங்களுக்குப் பெயரும் எண்ணும் வைத்திருந்தது: ஹெல்க்ராவ் 50 வெளிர் சாம்பல், டுங்கெல்க்ராவ் 51 அடர் சாம்பல், ஷ்லிக்க்ராவ் 58 சேற்று நிறம் கலந்தது. நீர்மட்டத்துக்குக் கீழே பாசி பிடிக்காமலிருக்க அடர்ந்த வண்ணம். பல மாட்களில் நீர்மூழ்கி கறுப்பாக வரும். அது போர்க்காலக் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்து வந்த தவறு. நனைந்த இரும்பு படத்தில் கறுப்பாகத்தான் விழும்.

மூன்று மாதம் கடலில் கிடந்த கப்பலில் துரு எங்கே பிடிக்கும் என்றும் யோசித்து வரையுங்கள். மேல்தளத்தின் ஓரம், தண்ணீர் வடியும் துளைகளின் கீழே, நங்கூரத்தைச் சுற்றி. எல்லா இடத்திலும் ஒரே மாதிரித் துரு தெளித்தால் அது குப்பையில் கிடந்த பொம்மை போல இருக்கும். ‘எஸ்ஹெச்3 கமாண்டர்’ என்ற ரசிகர் கருவி, தேதியைப் பார்த்து ஃபைல்களை மாற்றித் தரும். அதை வைத்து 1940க்கு ஒரு தோற்றம், 1943க்கு ஒரு தோற்றம் என்று செய்யலாம்.

பார்த்து வரைய நிஜமான கப்பல்கள் இருக்கின்றன. ஜெர்மனியில் கீல் அருகே லாபோ கடற்கரையில் யு-995 நிற்கிறது. நாம் இந்த விளையாட்டில் அதிகம் ஓட்டும் ஏழாம் வகை நீர்மூழ்கிகளில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். 67 மீட்டர் நீளம். 1972இலிருந்து மக்கள் உள்ளே போய்ப் பார்க்கிறார்கள். சிகாகோ அருங்காட்சியகத்தில் யு-505 இருக்கிறது, அது ஒன்பதாம் வகை. இரண்டுமே பிற்பாடு மறுபடி வண்ணம் பூசப்பட்டவை, அதனால் வடிவத்துக்கு நம்புங்கள், நிறத்துக்கு முழுதாக நம்பாதீர்கள்.

கோபுரச் சின்னங்களும் முக்கியம். யு-96இன் சிரிக்கும் ரம்பமீன் பின்னர் ஒன்பதாவது படைப்பிரிவுக்கே சின்னமானது. யு-47இல் சீறும் காளை. மாலுமிகள் கையால் வரைந்தவை இவை. கோடு கொஞ்சம் கோணலாகவே இருக்கட்டும்.

சரக்குக் கப்பல்களையும் இவ்வளவு கவனமாக வரைய வேண்டுமா?

இன்னும் கவனமாக வரைய வேண்டும். போரில் சேராத நாடுகளின் கப்பல்கள் பக்கவாட்டில் தங்கள் கொடியைப் பெரிதாக வரைந்துகொண்டு, இரவில் விளக்குப் போட்டுக்கொண்டு போயின. ஸ்வீடன் கப்பலா பிரிட்டன் கப்பலா என்று நாம் தீர்மானிப்பது அந்தக் கொடியைப் பார்த்துத்தான். அதன்மேல் துருவைப் பூசி மறைத்துவிட்டால், விளையாடுகிறவர் அறியாமல் நடுநிலைக் கப்பலை மூழ்கடிப்பார். காவல் கப்பல்களிலும் அப்படித்தான்: பிரிட்டிஷ் கப்பல்களுக்கு வெள்ளையும் வெளிர் நீலமும் வெளிர் பச்சையும் கலந்து பூசிய ஒரு முறை உண்டு, வட அட்லாண்டிக்கின் மங்கிய வெளிச்சத்தில் தெரியாமலிருக்க. அதை அழுத்தமான நிறத்தில் வரைந்தால் அது பூசப்பட்டதன் பயனே போய்விடும்.

இரவு ரொம்ப இருட்டாக இருக்கிறது. வெளிச்சத்தைக் கூட்டலாமா?

கூட்டாதீர்கள். நிலா இல்லாத இரவில் ஒன்றும் தெரியாதுதான். உங்கள் அறை விளக்கை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள், கண் பழகிவிடும்.

கடல் நிறத்தை ஏன் இவ்வளவு மங்கலாக வைக்கிறீர்கள்?

வட அட்லாண்டிக் அப்படித்தான். குளிர்ந்த நீரில் நுண்ணுயிர்ப் பாசிகள் அதிகம், மேலே மேகம் அதிகம், அதனால் சாம்பல் கலந்த பச்சை. மத்தியதரைக் கடலில் பாசி குறைவு, வெயில் அதிகம், ஆழ்ந்த நீலம். அங்கே தண்ணீர் அவ்வளவு தெளிவு என்பதால், மூழ்கியிருக்கும் நீர்மூழ்கியின் நிழலையே விமானத்திலிருந்து பார்க்க முடிந்தது. ஜிப்ரால்டரைத் தாண்டும்போது நிறம் மாறினால் அந்தப் பயம் தானாக வரும்.

எப்படி நிறுவுவது?

ஜேஎஸ்ஜிஎம்இ என்ற சிறு புரோகிராமைப் பயன்படுத்துங்கள். மூல ஃபைல்களைப் பத்திரமாக எடுத்துவைத்துவிட்டு மாட்டைப் போடும், வேண்டாம் என்றால் பழையபடி ஆக்கும், இரண்டு மாட்கள் ஒரே ஃபைலைத் தொட்டால் சொல்லும். மாட்டைப் போடுவதும் எடுப்பதும் நீர்மூழ்கி துறைமுகத்தில் இருக்கும்போது மட்டும். நடுக்கடலில் சேமித்த ஆட்டத்தின்மேல் மாற்றினால் அந்தச் சேமிப்பு திறக்காமல் போகலாம்.

நாஜிச் சின்னம் உள்ள கொடியைச் சேர்த்துத் தருவீர்களா?

மாட்டேன். ஜெர்மனியில் அதற்குச் சட்டக் கட்டுப்பாடு இருக்கிறது என்பது ஒரு காரணம். எனக்கு வேண்டாம் என்பது இன்னொன்று. அந்தப் போரில் நீர்மூழ்கிகளில் போன சுமார் 40,000 பேரில் ஏறக்குறைய 30,000 பேர் உயிரிழந்தார்கள். அவர்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களின் அடித்தளங்களில் கரி அள்ளிய இந்திய மாலுமிகளும் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். அவர்கள் நினைவு இல்லாமல் இந்தக் கப்பல்களை நான் வரைவதில்லை.

செய்ததைப் பகிரலாமா?

நீங்கள் வரைந்ததைப் பகிரலாம். விளையாட்டின் இயக்க ஃபைலையோ மூலப் படங்களையோ அப்படியே கொடுக்காதீர்கள். விளையாட்டு இன்னும் ஸ்டீமில் விற்பனைக்கு இருக்கிறது. வேறொரு ரசிகரின் வேலையை எடுத்துத் திருத்தினால் அவரிடம் கேளுங்கள், பெயரையும் போடுங்கள்.

எனக்கு வரையத் தெரியாது. வேறு எதில் உதவலாம்?

சோதித்துச் சொல்லலாம், அதற்கு எப்போதும் ஆள் போதாது. பழைய புகைப்படங்களும் வேண்டும். குறிப்பாகப் பினாங்கு. 1943 ஜூலையில் யு-511 அங்கே போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு ‘மொன்ஸூன்’ குழு என்று அழைக்கப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிகள் அந்தத் துறைமுகத்திலிருந்து இந்தியப் பெருங்கடலுக்குக் கிளம்பின. அந்தத் துறைமுகத்தை நான் இப்போது வரைந்துகொண்டிருக்கிறேன். பிரான்ஸ் துறைமுகத்தின் கான்கிரீட் சுவர்களை நகல் எடுத்து அங்கே வைக்க மனம் வரவில்லை. மலேசியாவில் இருக்கும் நம்மவர் வீடுகளில், அங்கே வேலை பார்த்த தாத்தா காலத்துப் படம் ஏதாவது இருந்தால், பின்னணியில் கிடங்குக் கூரையோ படகுத்துறையின் மரத்தூண்களோ தெரிந்தாலும் போதும். ஸ்கேன் செய்யும்போது 600 டிபிஐ வையுங்கள், நிறம் எதையும் திருத்தாதீர்கள்.